அன்றன்றைய விலைப்படி

1

இந்த ஊரில் மூன்று நாளாக பஸ் ஓடவில்லை. ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். பிரான்சின் லியோன் நகரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. ரொட்டி வாங்குவதற்கும் மருந்து வாங்குவதற்கும் இறங்கி இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. எனக்கு அறுபத்தைந்து வயது. பாதி மேட்டில் ஒரு சிமெண்டுத் திட்டு உண்டு. அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மகள் கிளேர் நடந்தே வந்தாள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஒரு மணி நேரம் நடந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. காலணியைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

“அப்பா, போன வருஷமும் அவங்களுக்குக் கூட்டிக் குடுத்தாங்க. இந்த வருஷமும் குடுக்கறாங்க. இன்னும் என்ன? விலை வேணாம்னா வீட்டுக்குப் போகட்டும்!”

அவள் சொல்ல வந்தது ‘வேலை வேணாம்னா’. விலைக்கும் வேலைக்கும் அவள் நாக்கில் வித்தியாசம் வந்ததே இல்லை. சின்ன வயதில் யாராவது தொலைபேசியில் கேட்டால் “அப்பா விலைக்குப் போயிட்டார்” என்பாள். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்றும் என் மனைவி ரீத்தா அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

“எவ்வளவு கூட்டினாங்க?” என்று கேட்டேன்.

“நூத்துக்கு ஒண்ணு.”

“கடையில விலை எவ்வளவு கூடியிருக்கு?”

“அது வேற, அப்பா.”

“வேற இல்ல,” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கனமாக வந்துவிட்டது. அவள் ஒரு காலில் காலணியோடு நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தெட்டு வருடத்தில் அவளிடம் சொல்லாத ஒன்றை அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அவளிடம் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் சொன்னதை இப்போது முழுக்கத் தமிழில், ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய காலத்தில் நான் காரைக்காலில் ஓர் அரிசி மில்லில் உதவிக் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். மில் திருநள்ளாற்றுச் சாலையில் இருந்தது. பாதிரிமார் பள்ளியில் பிரெஞ்சு படித்தவன் என்பதால்தான் அந்த வேலை கிடைத்தது. என் பெயர் சவரிநாதன். எல்லோருக்கும் சவரி.

மில்லில் கொதிகலனையும் மூட்டையையும் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். களம் பெண்களுடையது. அவித்த நெல் ஆவி பறக்கச் சிமெண்டுக் களத்தில் வந்து விழும். நாற்பது பெண்கள் அதைப் பரப்பி, வெயில் சாயும்வரை காலாலும் பலகையாலும் கிளறிக்கொண்டே இருப்பார்கள். கிளறாமல் குவியலாக விட்டால் ஒரே நாளில் வீச்சம் எடுத்துவிடும். அரிசி பழுப்பேறி விலை போகாது.

அவர்களுக்கு ஒருநாள் கூலி ஒரு படி அரிசி, கூட ஆறணாக் காசு. இரண்டாம் உலகச் சண்டைக்காலத்துத் தட்டுப்பாட்டில் ஏற்பட்ட ஒப்பந்தம் அது. பிரெஞ்சில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டது. அரிசி கொடுக்க முடியாத நாளில் அதற்குப் பதிலாக ரொக்கம் தரலாம், ஆனால் ‘ஓ கூர் து ஜூர்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அன்றன்றைய விலைப்படி என்று பொருள்.

கொடி இறங்கி ஒரு வருடம் கழிந்திருக்கும். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“இனிமே இந்தப் பிரெஞ்சுக் காயிதத்தை யாரு படிக்கப் போறா, சவரி? தமிழ்ல எழுதி எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்கிடு. புது ஆபீசுக்கு ஒரு நகல் குடுத்துடலாம்.”

எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். வாசித்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இது என்னப்பா, அன்றன்றைய விலைப்படின்னு இழுத்துகிட்டுப் போற? அரிசிக்குப் பதிலா எட்டணான்னு எழுது. இன்னிக்கு ஒரு படி விலை அதானே? சுருக்கமா இருக்கட்டும்.”

“பழசுல அப்படி இருக்குங்க.”

“பழசு பழசோட போச்சு.” பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “பெரிய கணக்கருக்குக் கண்ணு தெரியல. தை மாசத்தோட நின்னுக்கறேங்கறாரு. அந்த நாற்காலியில யாரை உக்கார வைக்கலாம்னுதான் யோசிச்சுகிட்டு இருக்கேன்.”

அவர் மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ரீத்தாவின் வீட்டில் மாப்பிள்ளை பெரிய கணக்கர் ஆகப்போகிறார் என்று பேச்சு. வேறு தாளில் மறுபடி எழுதினேன். ‘அரிசி, அல்லது அதற்குப் பதிலாக எட்டணா.’ இரண்டு சொல்லை விட்டதில் ஒரு வரி மிச்சமானது.

மறுநாள் களத்து ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பெண்கள் வரிசையாக வந்து நீல மையில் விரலைத் தொட்டு அழுத்திவிட்டுப் போனார்கள். குரும்பகரத்திலிருந்து நடந்து வரும் பாக்கியம் மட்டும் விரலை மைக்கு மேலே நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டார்.

“பழசு மாதிரிதானே, கணக்கப்புள்ள?”

“பழசு மாதிரிதான். அழுத்து.”

அந்த நாளில் அவரிடம் அப்படித்தான் பேசினேன். இன்று எழுதும்போது ‘அவர்’ என்று வருகிறது.

அடுத்த வாரம் அரிசி நின்றது. கூலி முழுவதும் காசாக வந்தது. முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஈரச் சேலையோடு அரிசியைச் சுமந்து போக வேண்டியதில்லை, நடுவில் கருவாடோ எண்ணெயோ வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நானும் அதைக் கேட்டு நிம்மதியானேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

3

அந்த வருடம் அரிசி ஏறியது. ஒரேயடியாக ஏறியிருந்தால் கூச்சல் கிளம்பியிருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒன்பதணா ஆனது, பத்தணா ஆனது. ஆடியில் பதினோரணாவைத் தாண்டிவிட்டது. களத்துப் பெண்களுக்கு எட்டணா எட்டணாவாகவே இருந்தது.

ஒரு சனிக்கிழமை கூலி வாங்கியதும் பாக்கியம் நகராமல் நின்றார்.

“ஒரு சந்தேகம், கணக்கப்புள்ள. கூலி எதுவும் கொறச்சிருக்காங்களா?”

“இல்லையே. அதே காசுதான்.”

“அதானே, நானும் எண்ணிப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு. ஆனா ஒலையில போடறப்ப கொறையுதுங்க. மின்ன நாலு பேரு துன்னுட்டு விடியக்காலைக்குத் தண்ணி ஊத்தி வப்பேன். இப்ப ராத்திரியே சட்டி காலி. எங்க போவுதுன்னு தெரியல.”

படித்தவர்கள் உண்மைக் கூலி என்று சொல்வதை நான் பின்னாளில் இங்கே ஒரு தொழிற்சங்க வகுப்பில் கேட்டேன். கையில் வாங்கும் காசு வேறு, அந்தக் காசு வாங்கும் பொருள் வேறு, இரண்டாவது குறைந்தால் முதலாவது குறையாமலே கூலி குறைந்துவிடும் என்று ஒருவர் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கினார். எல்லோரும் குறிப்பு எடுத்தார்கள். எனக்குக் குறிப்பு தேவைப்படவில்லை. பாக்கியம் சட்டியை வைத்துச் சொன்னது போதுமாக இருந்தது.

“வெலைவாசி ஏறியிருக்குல்ல, அதான்,” என்றேன்.

“அப்ப கூலியும் ஏறணும்ல?”

நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

இன்னொரு வாரம் அவராகவே சொன்னார். புகாராகச் சொல்லவில்லை, ஊர்ச் சேதி போலச் சொன்னார். அவருடைய மகள் அஞ்சலை மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அவளை நிறுத்தியாகிவிட்டது. பண்ணை வீட்டில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறாள், ஒரு வேளைச் சோறு அங்கேயே கிடைக்கிறது.

“நல்லா படிக்கிற புள்ளைன்னு வாத்தியாரு வீட்டுக்கே வந்துட்டாரு. நான் என்னா சொல்றது? வெளைச்சல் வந்து வெல எறங்கட்டும், அனுப்பறேங்கன்னேன்.”

நான் தலையை ஆட்டினேன். ஒப்பந்தத்தின் பிரெஞ்சு மூலம் எனக்குப் பின்னால் இருந்த மர அலமாரியில்தான் இருந்தது. சாவி என்னிடம் இருந்தது. அதற்குள் தை வந்து போய், நான் பெரிய கணக்கரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமும் ஆகியிருந்தது.

4

இங்கே வந்த முதல் வருடம் நகராட்சி அலுவலகத்தில் என் பெயரை இரண்டாக உடைத்து, நாதனைக் குடும்பப் பெயராக்கி, ‘நாதன் சவரி’ என்று எழுதிவிட்டார்கள். திருத்தச் சொல்லி ஆறு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு காகிதம் கேட்டார்கள். கடைசியில் இருந்த பெண்மணி, “இதனால் உங்களுக்கு என்ன நஷ்டம், ஐயா?” என்று கேட்டாள். காகிதங்களை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றுவரை நான் நாதன்தான். கிளேரும் மதமுவசேல் நாதன், அதாவது செல்வி நாதன்.

அந்தப் பெண்மணிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. எழுத்தில் ஒன்றை விடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

துணிக்குச் சாயம் ஏற்றும் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் வாரமே தொழிற்சங்கப் பிரதிநிதி வந்து சந்தாச் சீட்டை நீட்டினார். போர்த்துக்கீசியர், அல்ஜீரியர் எல்லாம் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் உடனே கையெழுத்துப் போட்டேன். “உங்கள் ஊரில் சங்கம் உண்டா?” என்று அவர் ஆச்சரியமாகக் கேட்டார். உண்டு என்று மட்டும் சொன்னேன். அந்தச் சங்கத்துக்கு நான் செய்ததைச் சொல்லவில்லை.

5

எங்கள் மில்லில் சங்கத்தை உண்டாக்கியவர் காசிம் பாய். மூட்டை தூக்குபவர். பத்து வருடம் பினாங்குத் துறைமுகத்தில் சுமை தூக்கிவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே கப்பலை நிறுத்தி வைத்துக் கூலி பேசியதை மத்தியானச் சாப்பாட்டின்போது கதையாகச் சொல்வார். பெண்களின் கஷ்டம் தெரிந்ததும் மூட்டைக்காரர்களையும் களத்துப் பெண்களையும் ஒன்றாக உட்கார வைத்தார். மூட்டைக்காரர்களுக்கு அது அதிகம் பிடிக்கவில்லை. பொம்பளைங்க கூலிக்கு நாம ஏன் மல்லுக்கட்டணும் என்றார்கள்.

“இன்னிக்கு அவங்க அரிசி,” என்றார் காசிம் பாய். “நாளைக்கு ஒங்க மூட்டைக்கூலி. அல்லா மேல ஆணையா சொல்றேன், அதுவும் வரும்.”

மனு எழுதி, தொழிலாளர் விஷயத்தைப் பார்க்கும் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். மில் கொடுத்திருந்த தமிழ் நகலை எடுத்துப் பார்த்தார். எட்டணா என்று இருக்கிறது, எட்டணா கொடுக்கிறார்கள், கைநாட்டும் இருக்கிறது, இதில் என்ன குறை என்று கேட்டார். மேலும், சங்கம் பழைய சட்டப்படிப் பதிவானதா, புதிய சட்டப்படிப் பதிவானதா என்றும் கேட்டார். இவர்களுடையது எதிலும் பதிவாகவில்லை.

காசிம் பாய் நேரே என்னிடம் வந்தார்.

“சவரி தம்பி, சண்டைக்காலத்துல அரிசி இல்லாதப்ப வாரத்துக்கு வாரம் ரொக்கம் மாத்தி மாத்திக் குடுத்ததா பழைய ஆளுங்க சொல்றாங்க. பழைய காயிதத்துல என்னமோ இருந்திருக்கணும். ஒங்களுக்குப் பிரெஞ்சு தெரியும்ல. மில்லுல இருந்தாலும் மொதலாளி காட்ட மாட்டாரு. ஆபீசுல அதோட நகல் இருக்கும். கூட வந்து தேடித் தாங்களேன்.”

“வரேன், பாய்,” என்றேன்.

போனேன். அதுதான் இன்றும் எனக்கு விளங்காதது. மறுத்திருக்கலாம். அல்லது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யாமல், அலமாரியில் இருக்கும் காகிதத்தைத் தேட அவரோடு ஊரெல்லாம் அலைந்தேன்.

அந்த அலுவலகத்தில் பிரெஞ்சுக் கோப்புகள் ஒரு தனி அறையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அறையைத் திறக்க ஆங்கிலத்தில் விண்ணப்பம் வேண்டும் என்றார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதிக் கொடுத்தோம். கோப்பு புதுச்சேரிக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. புதுச்சேரிக்கு எழுதினோம். கோப்பு காரைக்காலில் இருப்பதாக அங்கிருந்து பிரெஞ்சில் பதில் வந்தது. அந்தப் பதிலைக் காசிம் பாய்க்கு நான்தான் வாசித்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல நம்ம அரிசி எங்கயோ கெடக்கு, தம்பி.”

இப்படியே மூன்று மாதம் போனது. மேசை மேசையாக அலைந்து திரும்பும்போதெல்லாம் ஒருநாள் கூலியை இழந்து வந்திருந்த காசிம் பாய்தான் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பார்.

6

ஐப்பசி பிறந்தது. குறுவை நெல் ஈரத்தோடு மில்லுக்கு வந்து குவிந்தது. வெயில் கண்ட நேரத்தில் காய வைத்துக்கொண்டால்தான் உண்டு. முதலாளி இரவும் பகலும் ஆள் வைத்து அவிக்கச் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவித்த நெல் களத்தில் வந்து விழுந்ததும் பெண்கள் பலகையை எடுக்கவில்லை. களத்து விளிம்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அப்படிச் செய்யலாம் என்று சொன்னது பாக்கியம் என்று பிறகு தெரிந்தது. காசிம் பாய் தை வரை பொறுக்கலாம் என்றாராம். “தையில வெயிலு வந்துடும், பாய். அப்ப நம்மள எதுக்குத் தேடப் போறாங்க?” என்று பாக்கியம் கேட்டிருக்கிறார்.

முதலாளி வந்து கத்தினார். ஆளை மாற்றுவேன் என்றார். வெளியிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவர ஆள் போனது. வந்தவர்கள் களத்து விளிம்பில் உட்கார்ந்திருந்த தங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மத்தியானம் ஆனது. யாரும் சாப்பிடவில்லை. கைப்பிள்ளைக்காரிகள் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போனால் பாதிப் பேர் பலகையைத் தொட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. முதலாளிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். கிழக்கே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து அவசரப்பட்டார்.

“எழுத்துல என்னா இருக்கோ அதுதான் பேச்சு,” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. “கைநாட்டு வச்சது நீங்க. சவரி, அந்தக் காயிதத்தை எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டு. எட்டணான்னு இருக்கா இல்லையான்னு அவங்க காதால கேக்கட்டும்.”

உள்ளே போனேன். அலமாரியைத் திறந்தேன். தமிழ்த் தாள் மேலேயே இருந்தது. அதை எடுத்தேன். கதவுவரை வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகக் காசிம் பாய் தெரிந்தார். நான் வருவதைப் பார்த்துப் பெண்களிடம் ஏதோ சொல்லி அமைதியாக இருக்கச் சைகை காட்டினார். கணக்கர் படிக்கப்போகிறார், கேளுங்கள் என்று சொல்லியிருப்பார். நம் ஆள் என்ற நம்பிக்கை அந்தச் சைகையில் இருந்தது. திரும்பிப் போய் அடியில் இருந்த பிரெஞ்சுத் தாளையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிரெஞ்சைத்தான் முதலில் படித்தேன். முதலாளி, “அது எதுக்குடா?” என்றது காதில் விழுந்தது. நிறுத்தாமல் படித்தேன். ‘ஓ கூர் து ஜூர்’ வந்ததும் முன்வரிசையில் இருந்த ஒருத்தி, “என்னாது, ஜொரம் வந்தா குடுப்பாங்களா?” என்று கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“ஜுரம் இல்ல,” என்றேன். “அன்றன்றைய விலைப்படின்னு அர்த்தம். அரிசி குடுக்கலைன்னா அன்னைக்கு அரிசி என்ன விலையோ அந்தக் காசு குடுக்கணும். இதுதான் பழைய ஒப்பந்தம்.”

காசிம் பாய் எழுந்தார். “அப்ப தமிழ்ல ஏன் இல்ல, தம்பி?”

“நான் எழுதல.”

“மறந்துட்டீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் அந்த வழியைத் திறந்துதான் வைத்தார்.

“மறக்கல, பாய். வேணும்னேதான் விட்டேன்.”

ஆவி அடங்கிய நெல் குவியலிலிருந்து புளித்த வாடை வர ஆரம்பித்திருந்தது. பாக்கியம் எழுந்து நான் நின்ற படிக்கட்டுக்குக் கீழே வந்தார்.

“நான் கேட்டேன்ல கணக்கப்புள்ள? பழசு மாதிரிதானேன்னு கேட்டேன்ல?”

“கேட்டீங்க.”

அப்போதுதான் முதல் தடவையாக அவரிடம் அப்படிப் பேசினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். எழுந்து நின்ற கைப்பிள்ளைக்காரிகளும் இப்போது நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

முதல் தூறல் விழுந்தபோது முதலாளி இறங்கி வந்தார். திங்கட்கிழமை சந்தை விலையை வைத்து அந்த வாரக் கூலி தருகிறேன், நெல்லை மூடுங்கள் என்றார்.

“எழுதிக் குடுங்க,” என்றார் காசிம் பாய். “நெல்லு அதுவரைக்கும் நனையட்டும்.” பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: “தம்பி, எழுதுங்க. எழுதி ரெண்டு தடவ ஒரக்கப் படிங்க.”

ஒரு மூட்டைமேல் தாளை வைத்து எழுதினேன். இரண்டு தடவை படித்தேன். முதலாளி கையெழுத்துப் போட்டார். பெண்கள் ஒரே பாய்ச்சலாகக் களத்தில் இறங்கி நெல்லைக் கூட்டி, தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். மழை பிடித்துக்கொண்டது. என் சட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார். நனைந்துகொண்டே வீட்டுக்குப் போய் ரீத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, “நாற்காலிக்காகவா?” என்று மட்டும் கேட்டாள்.

7

சங்கம் வென்றது என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். உண்மையில் வென்றது. திங்கட்கிழமைதோறும் மில் வாசலில் ஒரு பலகையில் அரிசி விலையைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதினார்கள். அதன்படியே கூலி. அடுத்த வருடம் காசிம் பாய் பயந்தபடியே மூட்டைக்கூலியில் கை வைக்கப் பார்த்தார்கள். அப்போது களத்துப் பெண்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மூட்டைக்காரர்கள் வெட்கப்பட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போன மாதங்களின் அரிசி மட்டும் திரும்பி வரவில்லை. அதைக் கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடத்தில் முதலாளி களத்தைச் சுருக்கி, நெல்லை ஈரத்தோடு வெளியூர் வியாபாரிக்கு விற்க ஆரம்பித்தார். நாற்பது பேரில் பதினெட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களுக்குக் கூலி குறையாமல் இருந்தது. மற்றவர்களுக்குச் சங்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இங்கே எங்கள் சாயத் தொழிற்சாலையிலும் பின்னாளில் அதுவேதான் நடந்தது. நல்ல ஒப்பந்தம் கையில் இருந்தது, ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். அதற்காகச் சங்கம் வீண் என்று நினைப்பவன் அல்ல நான். அது இல்லாத ஏழு மாதம் எப்படிப் போனது என்று பார்த்திருக்கிறேன்.

வேலை போனபின் வயதான சிப்பாய்களுக்குப் பிரெஞ்சு ஓய்வூதிய மனுக்கள் எழுதிப் பிழைத்தேன். சங்கத்தின் காகிதங்களையும் காசிம் பாய் என்னிடமே கொண்டுவந்தார். “ஒங்கள விட்டா எழுத ஆளில்ல,” என்பார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நான் எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அது சரியென்றே எனக்குப் பட்டது.

கதையை முடித்தபோது கிளேரின் தட்டில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. பஸ் ஓட்டுநர்களைப் பற்றி அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

“அந்த அம்மா உங்களை... பார்தொன் பண்ணாங்களா, அப்பா?”

மன்னிப்பு என்ற சொல் அவளுக்குத் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தேன். மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

“மன்னிச்சாங்களா?”

“நான் கேக்கல.”

“ஒரு தடவகூடவா?”

ஒரு தடவை போனேன். பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதங்கள் வந்து, கப்பலுக்கு நாள் குறித்திருந்த வாரம். நெடுங்காடு பஸ்ஸில் ஏறிப்போய், குரும்பகரத்தில் விசாரித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். களத்து வேலை போனபின் பாக்கியம் வயல் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஒரு வயலில் பதினைந்து பேர் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவருக்குப் பக்கத்தில், அதே வேகத்தில் நட்டுக்கொண்டு, வளர்ந்த பெண் ஒருத்தி. முகத்தைப் பார்த்ததுமே அஞ்சலை என்று தெரிந்தது.

“வாங்க கணக்கப்புள்ள, என்னா இவ்வளவு தூரம்?”

“சும்மாதான். ஊருக்குப் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு.”

“செத்த இருங்க. இந்த வரிசையை முடிச்சுட்டுக் கரையேறிடறேன்.”

அந்தப் பெண்ணும் நிமிர்ந்து, நாற்றுக்கட்டு கையிலிருக்க என்னைப் பார்த்தாள். யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்துகொண்டாள்.

“இல்லைங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றேன்.

பஸ்ஸுக்கு நேரம் ஆகவில்லை. ரோட்டில் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வயல் தெரிந்தது. அவர்கள் அந்த வரிசையை முடித்தார்கள். பாக்கியம் கரையேறி, நான் நின்ற வரப்பில் கொஞ்ச நேரம் நின்று ரோட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த வரிசைக்கு இறங்கினார்.